ஒரே முற்றத்தில் கோழியும் வாத்தும் வான்கோழியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களில், இரவுப் பணி முடித்த தொழிலாளி வீடு திரும்பும் நேரத்தில்தான் கோழிக்கூண்டும் திறக்கப்படுகிறது. முதலில் சேவல் வெளியே வரும். அதன் பின்னால் நான்கைந்து பெட்டைகள், தத்தித் தத்தி நடக்கும் இரண்டு வாத்துகள், கடைசியாகச் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரு வான்கோழி. பொன்னேரி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கங்களிலும் இதே காட்சியைக் காணலாம். காரும் டயரும் இரும்புக் கம்பியும் செய்யும் மாவட்டமாகத் திருவள்ளூர் மாறிவிட்ட பின்னரும், அதன் வீட்டுக் கொல்லைகள் முட்டையைக் கைவிடவில்லை.

இந்தப் பறவைக் கூட்டங்கள் யாரும் திட்டமிட்டு அமைத்தவை அல்ல. அடைக்கோழி ஒன்று மாமியார் வீட்டிலிருந்து வந்திருக்கும். நெல் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் பட்டி போட்டிருந்தபோது இரண்டு வாத்துகள் விலைக்கு வாங்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் அடம்பிடித்ததால் சைக்கிள் வியாபாரியிடம் வாங்கிய சாயம் பூசிய குஞ்சுகளில் ஒன்றிரண்டு பிழைத்து வளர்ந்திருக்கும். (அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பண்ணைகளின் பொரிப்பகங்கள் வேண்டாமென்று ஒதுக்கும் சேவல் குஞ்சுகள். முட்டையிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை.) கால்நடை பராமரிப்புத் துறை இதைப் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு' என்கிறது. ஊராட்சி ஒன்றியத்துக்கு 100 பெண்கள் வீதம் தேர்ந்தெடுத்து, நான்கு வார வயதுடைய 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை 50 விழுக்காடு மானியத்தில் அரசு வழங்கிய திட்டமும் இந்தப் பெயரில்தான் நடந்தது.

ஆனால் திட்டங்களும் கையேடுகளும் ஓர் இனத்தை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்படுகின்றன. கோழிக்கு ஒரு கையேடு, வாத்துக்கு ஒன்று, வான்கோழிக்கு ஒன்று. முற்றத்திலோ மூன்றும் ஒரே தட்டில் கொத்துகின்றன. எனவே, வளர்ப்பவர்களின் கேள்விகளும் இனங்களுக்கு இடைப்பட்டவையாகவே இருக்கின்றன. இவற்றைச் சேர்த்து அடைக்கலாமா? ஒரே தீவனம் போதுமா? கோழிகள் நன்றாக இருக்க, வான்கோழி மட்டும் ஏன் சாகிறது? தடுப்பூசி யாருக்கெல்லாம் போட வேண்டும்? தொழிற்பேட்டைக்கு அருகில் வசிப்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றும் உண்டு: இந்த முட்டையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை பறவையைப் பார்ப்பதைவிட அது நிற்கும் மண்ணைப் பார்த்தால் எளிதில் கிடைக்கும்.

வான்கோழியிலிருந்தே தொடங்கலாம். கோழிகளோடு சேர்த்து வளர்க்கப்படும் வான்கோழிக்கு இரண்டு மூன்று மாதத்தில் திடீரென இறக்கை தொங்கும். கந்தக நிறத்தில் மஞ்சளாகக் கழியும். சில நாள்களில் இறந்துவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரலில் நாணயம் பதித்தாற்போல் வட்டவட்டமான புண்கள் காணப்படும். இது 'கருந்தலை நோய்'. அமெரிக்க அறிவியலாளர் தியோபால்டு ஸ்மித் 1895-லேயே இதற்குக் காரணமான ஒற்றைச்செல் ஒட்டுண்ணியை அடையாளம் காட்டினார். 'ஹிஸ்டோமோனாஸ்' எனப்படும் அந்த ஒட்டுண்ணி பயணம் செய்யும் விதம் விந்தையானது. கோழியின் குடலில் வாழும் சிறு புழு ஒன்றின் முட்டைக்குள் அது ஒளிந்துகொள்கிறது. புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுகிறது. அதை மண்புழு விழுங்குகிறது. மண்புழுவை வான்கோழி விழுங்குகிறது. கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நோயைச் சுமப்பது அதுவே. வான்கோழிக் கூட்டத்திலோ பத்துக்கு எட்டு இறப்பதும் உண்டு.

இதில் வளர்ப்பவர் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்று. ஓட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கும் அந்தப் புழுமுட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடியவை. கோழிகளை விற்றுவிட்டு மறுமாதமே அதே கொல்லையில் வான்கோழியை விட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. கோழி பல ஆண்டுகளாக மேயாத இடம் இருந்தால் வான்கோழி வளர்க்கலாம்; இல்லையெனில் தரையிலிருந்து உயர்த்திய பலகை அல்லது கம்பிவலைத் தளத்தில் வளர்க்கலாம். வான்கோழி முட்டையை நாட்டுக்கோழியின் அடையில் வைத்துப் பொரிக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. பொரித்த பிறகு தாய்க்கோழியோடு அந்தக் குஞ்சுகளை மண்ணில் மேயவிடுவதுதான் பிழை. தாய் கிளறிக் காட்டும் முதல் புழுவே நோயாகிவிடலாம். கோழிகளுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவந்தால் மண்ணில் சேரும் முட்டைகளின் எண்ணிக்கை குறையும். முற்றாக ஒழியும் என்று சொல்வதற்கில்லை. இத்தனைக்கும் பிறகு, சிறிய கொல்லையில் கோழியும் வேண்டும் வான்கோழியும் வேண்டும் என்போருக்கு என் பரிந்துரை, வான்கோழியை விட்டுவிடுங்கள் என்பதே.

வான்கோழிக் குஞ்சுகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அவற்றுக்குத் தீவனத்தையும் தண்ணீரையும் அடையாளம் காணத் தெரியாது. தட்டின் அருகிலேயே பட்டினியால் சாகும். அதனால்தான் முதல் 15 நாள்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 மில்லி பால் கலந்தும், பத்துக் குஞ்சுகளுக்கு ஒரு வேகவைத்த முட்டையை நறுக்கியும் கொடுக்கச் சொல்கிறார்கள். தண்ணீர்த் தட்டில் இரண்டு மூன்று வண்ணக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தால், பளபளப்பைக் கொத்தவந்து குடிக்கக் கற்றுக்கொள்ளும்.

தீவனத்தைப் பொறுத்தவரை, 'எல்லாம் கோழிதானே' என்ற எண்ணம்தான் பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணம். நாட்டுக்கோழிக் குஞ்சுக்கு 20 விழுக்காடு புரதம் போதும். வான்கோழிக் குஞ்சுக்கு 28 விழுக்காடு வேண்டும். வாத்துக் குஞ்சுக்கு 'நியாசின்' என்ற உயிர்ச்சத்து கோழிக் குஞ்சைவிட ஏறத்தாழ இரு மடங்கு தேவை. அது கிடைக்காவிட்டால் கால் வளைந்து, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். முட்டையிடும் கோழிகளுக்கான தீவனத்தில் மூன்றரை விழுக்காடு அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதையே குஞ்சுகளும் தின்றால் சிறுநீரகம் கெடும். கறிக்கோழித் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுப்பதற்காகக் கலக்கப்படும் 'சாலினோமைசின்' என்ற மருந்து கோழிக்குப் பாதுகாப்பானது, வான்கோழிக்கு நஞ்சு. மூட்டையின் மீதுள்ள சிறிய எழுத்தை யாரும் படிப்பதில்லை. விற்பவரும் சொல்வதில்லை. கலப்புக் கூட்டம் வைத்திருப்பவர்கள் மருந்து கலக்காத தீவனத்தைக் கேட்டு வாங்க வேண்டும். முட்டையிடும் பறவைகளுக்கான கிளிஞ்சல் துகளைத் தனித் தட்டில் வைத்துவிட்டால், தேவைப்படுபவை மட்டும் கொத்திக்கொள்ளும்.

இவை எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புரியாமல் மடிந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. தேடிப்போனபோது, பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் புண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சையின் நஞ்சு அதற்குக் காரணம் என்று தெரியவந்தது. 'அஃப்ளடாக்சின்' என்ற சொல்லே அதன் பிறகுதான் உலகுக்கு அறிமுகமானது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓலைக் கொட்டகையின் மூலையில் வைத்த புண்ணாக்கும், செங்குன்றத்து அரிசி ஆலைகளிலிருந்து மலிவாகக் கிடைக்கும் தவிடும் நொய்யும் ஈரம் ஏறிக் கட்டியாவதை நாம் பார்த்திருக்கிறோம். 'கோழி தின்கிறது, ஒன்றும் ஆகவில்லையே' என்று அதையே வாத்துக் குஞ்சுக்கும் போடுவார்கள். கோழி ஓரளவு தாங்கும். வாத்துக் குஞ்சு, இந்த நஞ்சைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைந்த உயிர்களுள் ஒன்று. வாசனை மாறிய தீவனத்தை வெயிலில் காயவைத்தால் பூஞ்சை உலருமே தவிர நஞ்சு போகாது. அதை எருக்குழியில் கொட்டுவதே மிச்சம்.

வாத்தையும் கோழியையும் சேர்த்து வளர்க்க முடியும். ஆனால் சேர்த்து அடைப்பது சரியாக வராது. வாத்து ஒவ்வொரு வாய்த் தீவனத்துக்கும் தண்ணீரைத் தேடி ஓடும். தண்ணீரைச் சுற்றிலும் சேறாக்கும். அந்த ஈரத்தில்தான் கோழிக் குஞ்சுகளின் இரத்தக்கழிச்சல் கிருமி பெருகுகிறது. வாத்தின் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கொட்டகைக்கு வெளியே, கல்லோ கம்பிவலையோ பரப்பிய இடத்தில் வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. வாத்துக்கு நீந்தக் குளம் வேண்டும் என்று நினைக்க வேண்டாம்; தலை முழுவதும் அமிழ்ந்து மூக்கைக் கழுவும் ஆழத்துக்கு ஓர் அகன்ற தொட்டி போதும். குஞ்சுப் பருவத்தில் இரண்டையும் ஒரே அடைகாப்பானில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். வாத்துக் குஞ்சு நனைந்து களிக்கும். பக்கத்திலிருக்கும் கோழிக் குஞ்சு நனைந்து குளிரில் சாகும்.

வாத்து பொதுவாக விடியற்காலையில் முட்டையிடுவதால் காலை ஒன்பது மணி வரை அடைத்து வைத்திருந்தால் முட்டை வாய்க்காலில் தொலையாது. ஆண் வாத்து ஒன்றுக்கு ஐந்தாறு பெட்டை வாத்துகளாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அது கோழிகளைத் துரத்தும். நீர்ப்பறவைக்கு உரிய உடற்கூறு கொண்ட ஆண் வாத்தால் பெட்டைக்கோழிக்குக் கடுமையான உட்காயம் ஏற்படக்கூடும். கோழிக்கும் வாத்துக்கும் கலப்புக் குஞ்சு பிறக்குமா என்று கேட்பவர்கள் உண்டு, பிறக்காது. மணிலா வாத்துக்கும் நாட்டு வாத்துக்கும் மட்டும் பிறக்கும். அந்தக் குஞ்சுகள் கோவேறு கழுதையைப் போல மலடாக இருக்கும்.

அடைவைக்கும் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்துக்கும் வான்கோழிக்கும் 28, கினிக்கோழிக்கு 26 முதல் 28, மணிலா வாத்துக்கு 35 நாள். ஒரே அடையில் கோழி முட்டையையும் வாத்து முட்டையையும் ஒருநாளில் வைத்தால், 21-ஆம் நாள் தன் குஞ்சுகளோடு கோழி எழுந்துபோய்விடும். வாத்து முட்டைகள் ஆறிப்போகும். வாத்து முட்டையை ஒரு வாரம் முன்னதாக வைத்துவிட்டுப் பிறகு கோழி முட்டையைச் சேர்ப்பது பழைய கணக்கு. அதைவிடத் தனித்தனி அடையே நல்லது. தான் பொரித்த வாத்துக் குஞ்சுகள் குட்டையில் இறங்கியதும் கரையில் நின்று கதறும் தாய்க்கோழியைப் பார்த்தவர்கள் அந்த முடிவுக்குத் தாமாகவே வந்துவிடுவார்கள்.

இனி நோய். கிராமத்துக் கோழிகளை மொத்தமாக வாரிக்கொண்டு போவது வெள்ளைக்கழிச்சல். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட நச்சுயிரி நோயே இது. 1927-28 காலத்தில் இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிகேத்தில் காணப்பட்டதால் இந்தியாவில் அந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. குஞ்சு பிறந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழ் அரை மில்லி ஊசி என்பது நம் மாநிலத்தில் வழக்கமான முறை. எட்டு வாரத்துக்கான மருந்து சற்று வீரியமானது. முதல் சொட்டு மருந்து பெறாத சிறு குஞ்சுக்கு அதைப் போட்டால் தடுப்பூசியே நோயாகலாம். ஆண்டுதோறும் பெரும்பாலும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்தி இதை இலவசமாகப் போடுகிறது. வெயிலுக்கு முன் அந்த மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், கோடையில்தான் நோய் ஊர் ஊராகப் பரவுகிறது என்பதே. குளிர்பதன வசதி எட்டாத கிராமங்களுக்காக, வெப்பத்தைத் தாங்கும் மருந்தைத் தீவனக் குருணையாகக் கொடுக்கும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது.

கலப்புக் கூட்டத்தில் இங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. வெள்ளைக்கழிச்சல் கோழியையும் வான்கோழியையும் கினிக்கோழியையும் தாக்கும். வாத்து பெரும்பாலும் நோயுறாமல் நச்சுயிரியை மட்டும் வெளியேற்றும். கூரையில் வந்து அமரும் புறாவும் அதைக் கொண்டுவரலாம். எனவே முகாம் நாளில் நான்கு கோழிக்குப் போட்டுவிட்டு, 'அது அடையிலிருக்கிறது, இது ஓடிவிட்டது' என்று மற்றவற்றை விட்டுவிடுவது பாதுகாப்பு ஆகாது. முதல்நாள் இரவே எல்லாவற்றையும் பஞ்சாரத்தில் அடைத்து வைத்திருக்க வேண்டும். நோய் வந்த பிறகு ஊசி போடுவதிலும் பயனில்லை. சந்தையில் வாங்கிய புதிய பறவையை மூன்று வாரமாவது கூட்டத்தோடு சேர்க்காமல் தனியே வைத்துப் பார்ப்பது எந்த ஊசியையும்விட மலிவானது. செய்பவர்கள்தான் குறைவு.

திருவள்ளூர் மாவட்டத்துக்கென்று தனிக் கவலை ஒன்றும் இருக்கிறது. அதன் வடகிழக்கு மூலையில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் அங்கே வந்து தங்குகின்றன. பறவைக் காய்ச்சல் நச்சுயிரியின் இயற்கையான உறைவிடம் நீர்ப்பறவைகளே. வாத்து அந்த நச்சுயிரியைப் பலசமயம் அறிகுறியே இல்லாமல் சுமக்கும். கோழி ஓரிரு நாளில் சாகும். கேரளத்தில் 2014-ல் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துக் கூட்டங்களில் நோய் பரவியதையும், 2024 பிப்ரவரியில் நம் எல்லைக்கு அப்பால் நெல்லூர் மாவட்டத்தில் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டதையும் மறந்துவிட முடியாது. அம்மாதங்களில் ஏரியிலும் ஆரணியாற்றுக் கழிமுகத்திலும் மேய்ந்துவிட்டு மாலையில் கோழிகளோடு ஒரே கூண்டில் அடையும் வாத்துதான் காட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலான பாலம். அந்த ஆறு மாதங்களுக்கு மட்டுமாவது வாத்தை வீட்டுத் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே நாளில் பல பறவைகள் செத்துக் கிடந்தால் அறுத்துச் சமைப்பதும், அக்கம்பக்கத்தில் விற்பதும், குட்டையில் வீசுவதும் கூடாது. கையில் படாமல் எடுத்து, கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

இனி, தயங்கிக் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு வருவோம்.

மேயும் கோழி புழுவையும் புல்லையும் மட்டும் தின்பதில்லை, மண்ணையும் தின்கிறது. நாளொன்றுக்குப் பத்து கிராம் அளவுக்கோ அதற்கு மேலோ மண் அதன் வயிற்றுக்குள் போகக்கூடும் என்று ஐரோப்பிய ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மண்ணில் ஈயம் இருந்தால் அது சுண்ணாம்புச்சத்து செல்லும் வழியிலேயே கோழியின் எலும்புக்கும் முட்டைக்கும் செல்கிறது. குப்பையும் பிளாஸ்டிக்கும் எரிந்த இடத்தின் 'டையாக்சின்' கொழுப்பில் கரைவது. அது மஞ்சள் கருவில் சேர்கிறது. முட்டையைக் கழுவினாலும் வேகவைத்தாலும் இவை போவதில்லை.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 55 வீட்டுத் தோட்டங்களின் மண்ணையும் கோழிகளையும் முட்டைகளையும் சோதித்த ஆய்வு 2022-ல் வெளியானது. கடை முட்டையைவிட வீட்டு முட்டையில் ஈயம் சராசரியாக 40 மடங்குக்கும் அதிகம். ஏறத்தாழ பாதிக் கோழிகளின் இரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருந்தது. அவை தொழிற்பேட்டையின் கோழிகள்கூட அல்ல. பழைய வண்ணப்பூச்சும் ஈயம் கலந்த பெட்ரோல் புகையும் படிந்த, நடுத்தர மக்கள் வாழும் தெருக்களின் கோழிகள். மனிதர் வசிக்க ஏற்றது என்று அந்நாட்டு விதி ஏற்கும் மண்ணின் ஈய அளவு, கோழி மேய்வதற்குப் பாதுகாப்பான அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் என்று அந்த ஆய்வு காட்டியது. நமக்கு இன்னும் அருகிலுள்ள சான்று, கேரளத்தில் பெரியாற்றங்கரையின் ஏலூர் தொழிற்பகுதி. 2005-ல் 17 நாடுகளின் மேய்ச்சல் கோழி முட்டைகளைச் சோதித்த பன்னாட்டு ஆய்வில் ஏலூர் முட்டைகளின் டையாக்சின் அளவு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. பாரிஸைச் சுற்றியுள்ள பகுதிகளில் வீட்டுக் கோழிகளின் முட்டையை உண்ண வேண்டாம் என்று 2023-ல் அங்குள்ள சுகாதார நிர்வாகம் அறிவித்தது. நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2025-ல் நாடு முழுமைக்கும் அதையே சொன்னது.

இவற்றை வைத்துக் கும்மிடிப்பூண்டி முட்டை நஞ்சு என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. ஒரு தெருவின் மண்ணும் அடுத்த தெருவின் மண்ணும் ஒன்றல்ல. ஆனால் கேள்வியை ஒதுக்கிவிடவும் முடியாது. இரும்பு உருக்கும் உலைகளும், பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் உள்ள வட்டாரம் இது. தெற்கே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கருத்துப்போனதைப் பார்த்தோம். வெள்ளம் எதைக் கொண்டுவந்து எந்தக் கொல்லையில் படிய வைத்தது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளிடம், கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கை கூறியது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகவும் அது சுட்டியது.

இதில் நம்மை நெளியவைக்கும் செய்தியும் உள்ளது. மண்ணையே மிதிக்காமல் கூண்டில் வாழும் நாமக்கல் கோழியின் முட்டை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும், மேய்ந்து வளர்ந்த கோழியின் முட்டையைவிடத் தூய்மையாக இருக்கக்கூடும். கூண்டுக் கோழியின் வாழ்வைப் பற்றி எனக்கு நல்ல கருத்து இல்லை. ஆனாலும், கூடுதல் விலை கொடுத்து 'நாட்டு முட்டை' வாங்கும் சென்னைவாசி, அது எந்த மண்ணில் மேய்ந்தது என்று கேட்டதுண்டா?

கொல்லையின் அளவில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தட்டில் போடலாம். மண் உட்கொள்வது உடனே குறையும். சாலையோரம், சாம்பல் மேடு, பழைய இரும்புக் கிடங்கின் பின்புறம், ஆலைக் கழிவுநீர் வரும் வாய்க்கால் ஆகியவற்றுக்குப் பறவைகள் போகாமல் வேலியிடலாம். வாய்க்கால் விஷயத்தில் வாத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சேற்றை அலகால் அரித்துத் தின்பது அதன் இயல்பு என்பதால், கோழியைவிட அடிமண்டிக்கு நெருக்கமான பறவை அது. கோழி புழுதியில் குளிக்காமல் இருக்காது; நிழலில் ஒரு பெட்டி நிறையச் சுத்தமான மணல் வைத்துவிட்டால் அங்கேயே குளிக்கும். அடைத்து வைக்கும் முற்றத்தின் மேல்மண்ணை எடுத்துவிட்டு, நல்ல மண்ணைக் கனமாகப் பரப்பலாம். கிளிஞ்சல் துகள் எப்போதும் இருந்தால் சுண்ணாம்புச்சத்துப் பற்றாக்குறை இல்லாத கோழியின் உடல் ஈயத்தைக் குறைவாகவே ஈர்க்கும். கொல்லையில் மின்கம்பியை எரித்துச் செம்பு எடுப்பதும், பேட்டரியை உடைப்பதும், பிளாஸ்டிக்கோடு போகி கொளுத்துவதும் ஆலைகளின் மீது பழிபோட முடியாத, நாமே முட்டைக்குள் இடும் நஞ்சுகள். ஐயமுள்ள இடத்தில், சிறு குழந்தைகளுக்கு அன்றாடம் அதே கொல்லை முட்டையையே கொடுக்காமல் கடை முட்டையையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முட்டையையே நிறுத்திவிட வேண்டாம்; அதன் இழப்பு வேறு வகையில் பெரிது.

ஆனால் மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது தனி ஒருவரால் ஆகக்கூடியதாக இல்லை. விவசாயிகளுக்கு வழங்கப்படும் மண்வள அட்டையில் 12 இனங்கள் சோதிக்கப்படுகின்றன: தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமிலநிலை, உப்பின் அளவு, கரிமப்பொருள். ஈயம் அதில் இல்லை. பயிருக்கு என்ன குறைகிறது என்று அறிவதற்காக வடிவமைக்கப்பட்ட அட்டை அது. தனியார் ஆய்வகத்தில் கன உலோகச் சோதனைக்கு ஆகும் செலவோ, ஐந்து கோழி வைத்திருப்பவருக்கு அந்தக் கோழிகளின் விலையையே மிஞ்சிவிடும்.

அதனால்தான் இது அரசு செய்ய வேண்டிய வேலையாகிறது. மானியத்தில் குஞ்சு கொடுக்கும் அரசுக்கு, அந்தக் குஞ்சு இடப்போகும் முட்டையைப் பற்றியும் பொறுப்பு உண்டு. கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் ஒன்றியங்களிலாவது ஊருக்குச் சில முட்டைகளை ஆண்டுக்கொரு முறை சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டினால் போதும். ஆலைப் புகையை அளக்கும் கருவியைவிட, நாள்தோறும் மண்ணைத் தின்று முட்டையில் கணக்கு எழுதும் கோழி இந்த வேலைக்கு மலிவான கருவி. சோதிக்கும் இடமும் தொலைவில் இல்லை. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரத்தில்தான் இருக்கிறது. பிப்ரவரி முகாமுக்குக் கால்நடை ஆய்வாளர் தோளில் மாட்டிவரும் பனிக்கட்டிப் பெட்டி, மருந்துப் புட்டிகள் தீர்ந்ததும் காலியாகவே திரும்புகிறது. தெருவுக்கு இரண்டு முட்டை அதில் தாராளமாகக் கொள்ளும்.